கழற்றி வைத்த முன்சக்கரம்

ஜூன் 4, செவ்வாய்

திருநெல்வேலி போய்த் திரும்பினோம். எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு ஒரு கல்யாண வீடு என்று சொல்லிவைத்தேன். பட்டுச்சேலை கட்டிப் போயிருந்ததால் நம்பிவிட்டாள். கோவில்பட்டியில் டாக்டர் இல்லாமலா போய்விட்டார்? இருக்கிறார். ஆனால் அங்கே போனால் நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிடும்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது, எப்போதோ பட்ட அடியாக இருக்கலாம், அதிலிருந்துதான் வலிப்பு வருகிறது என்றார். பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளுக்கு வராது என்று நான் கேட்காமலே சொன்னார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. கடைசியில் இவரைப் பார்த்து, "பைக்கைத் தொடவே கூடாது, நான் ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும். நீங்க விழுறது ஒரு பக்கம், ரோட்டுல போறவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். அய்யாத்துரை தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? கடலை மிட்டாய்ப் பெட்டிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு என்று கடை கடையாகப் போடுகிற மனுஷர். வண்டியில்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பஸ்ஸில் வரும்போது மெதுவாக ஆரம்பித்தார். "வடிவு, மாப்பிள்ள வீட்டுல சொல்லிப்புடுவோமா?"

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றேன்.

மூன்று வருஷமாக மகள் சுபாவுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து இப்போதுதான் சங்கரன்கோவில் பையன் ராஜவேல் அமைந்திருக்கிறான். வலிப்பு என்ற சொல் காதில் விழுந்தால் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? பரம்பரை இல்லை என்று டாக்டரையா கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல முடியும்? போன மாதம் முதல் தடவை வந்தது எங்கள் வீட்டுக்குள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில். பார்த்தது நானும் சுபாவும் மட்டும். அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 5, புதன்

காலையில் வாசலில் வண்டி நகரும் சத்தம் கேட்டுப் பதறிக்கொண்டு ஓடினேன். தகரக் கொட்டகைக்கு அடியில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முன் டயரு மொட்டையாப் போச்சு. மாத்தணும்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தொடாதே என்று டாக்டர் சொல்லி முழுசாக ஒரு பொழுது ஆகவில்லை, புது டயர் போட்டு ஓட்டக் கிளம்புகிறாரே! கத்தலாம் என்றால் எஸ்தர் டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்து கிடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா நிக்காத. அந்தப் பலகைய எடுத்து இஞ்சினுக்கு அடியில குடு."

கொடுத்தேன். டயர் மாற்றும் கடை தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் இவர் வண்டியை வேறு ஒருத்தர் தொட்டு நான் பார்த்ததில்லை. 'கடைக்காரன் ரிம்ம நெளிச்சுப்புடுவான்' என்பார். செயினில் எண்ணெய் விடுவதிலிருந்து எல்லாம் இவர் கைதான். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டை நெகிழ்த்திவிட வேண்டுமாம், தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் கூடவே சுற்றுமாம். நெகிழ்த்தினார். பின்சீட்டில் கருங்கல்லைக் கட்டினார், முன்பக்கம் மெல்ல மேலே ஏறியது. இஞ்சினுக்கு அடியில் பலகையும் செங்கலும் வைத்து இறுக்கினார். ஸ்பீடாமீட்டர் ஒயரைக் கழற்றி ஓரமாக வளைத்துவிட்டார். பிறகு நட்டை முழுக்க எடுத்துவிட்டு, சுத்தியல் பிடியால் தட்டித் தட்டி அச்சுக்கம்பியை மறுபக்கம் தள்ளினார். ஒரு சாண் நீளம் வெளியே வந்ததும் கையால் உருவினார். சக்கரம் என் கையில் விழுந்தது. எவ்வளவு கனம்!

பிரேக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டையை மடித்துச் செருகினார். "சக்கரம் இல்லாதப்ப பிரேக்க அமுக்கிரக் கூடாது. கட்ட ரெண்டும் ஒட்டிக்கிரும். அப்புறம் தட்டு உள்ள போகாது" என்றார். நான் எதற்கு அமுக்கப் போகிறேன்?

முன்சக்கரம் இல்லாத வண்டியைப் பார்க்க நன்றாகவே இல்லை.

ஜூன் 6, வியாழன்

புது டயர் வாங்கி வந்துவிட்டார். கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய டயரை மிதித்து அதன் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவித்தார். நெம்புகோல் இரண்டை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சாண் சாணாக வெளியே எடுத்தார். சோப்புத் தண்ணீர் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். புது டயரில் அம்புக்குறி இருக்கிறது, அது சுற்றுகிற திசையில் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். டியூப் மடியாமல் கொஞ்சம் காற்று விட்டு உள்ளே நுழைத்து, முழங்காலால் அமுக்கி அமுக்கி ஏற்றினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வியாதி என்பதே இல்லை. நாளைக்குச் சக்கரத்தை மாட்டுவார், நாளை மறுநாள் கழுகுமலை ரோட்டில் போவார். அந்த ரோட்டில் மணல் லாரி போவது எனக்குத் தெரியும்.

டயருக்குக் காற்றடிக்கச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அச்சுக்கம்பி சாக்கின் மேல் கிடந்தது. எடுத்தேன். பழைய ஜாக்கெட் துணியில் சுற்றி, துவரம்பருப்பு டின்னுக்குள் அடியில் புதைத்தேன். இந்த வீட்டில் அடுப்படி டின்னைத் திறக்கிற ஆம்பளை கிடையாது.

ஜூன் 7, வெள்ளி

அச்சுக்கம்பியைத் தேடினார். நானும் கூடச் சேர்ந்து நன்றாகத் தேடினேன்.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு பெரிய பைகளில் மிட்டாய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வருகிறார். தோளில் பை வார் பதிந்து சிவந்திருக்கிறது. வேறு கம்பி வாங்க அரை நாள் ஆகாது. ஏன் வாங்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று எஸ்தர் டீச்சர் வாசலில் பிடித்துக்கொண்டாள். "என்ன வடிவக்கா, அண்ணாச்சி வண்டி மொண்டியா நிக்கி? பஸ்ஸுல போறாகளாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து இவரே சொன்னார். "டயரு மாத்துதேன் டீச்சர். ஒரு சாமான் கெடைக்கல. மெட்ராஸ்ல இருந்து வரணும்."

"அதான பாத்தேன். நீங்க கடைக்காரன்கிட்ட குடுத்தாத்தான் ஆச்சரியம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரம் இல்லாத வண்டி வாசலில் நிற்கிற வரைக்கும் இவர் ஏன் ஓட்டவில்லை என்று ஊரில் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. தெருவே தினமும் பார்த்துவிட்டுப் போகிறது, பதிலும் அங்கேயே நிற்கிறது. நான் யோசித்துச் செய்யவில்லை, ஆனால் நல்லதாகப் போயிற்று. செண்பகவல்லி அம்மனுக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பா தங்கமாரியப்பன் போனில் பேசினார். அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பஸ் ஹாரன் மாதிரிக் குரல், ஆனால் குழந்தை மனசு. கடைசி ஞாயிறு குடும்பத்தோடு கை நனைக்க வருகிறார்களாம். ஆடி பிறப்பதற்குள் நிச்சயத்தை முடித்துவிடலாம் என்கிறார்.

பெண் பார்க்க வந்தபோது காப்பி மட்டும்தான் குடித்தார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு பேச்சு மாறாது.

சுபா மாடிப்படியில் உட்கார்ந்து ராஜவேலோடு போனில் பேசுகிறாள். அவள் சிரிப்பது கீழே கேட்கிறது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் வந்தது. மாத்திரை சாப்பிட்டும் வந்தது.

காலையில் அடுப்படி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டும்போதே கண் ஒரு பக்கமாக இழுத்தது. அப்படியே சரிந்தார். தலை கதவு நிலையில் இடிக்காமல் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தேன். டாக்டர் சொன்னபடி ஒருக்களித்துத் திருப்பினேன். சாவி, இரும்பு எதையும் கையில் கொடுக்காதீர்கள், அதனால் ஒன்றும் ஆகாது என்றும் அவர் சொல்லியிருந்தார். சொல்லட்டும். துடிக்கிற உடம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க டாக்டரால் முடியும், என்னால் முடியாது. எங்கள் அம்மா காலத்திலிருந்து இரும்பைத்தான் கொடுத்தோம். சாவிக்கொத்து எங்கே என்று தெரியவில்லை. கைக்கு எட்டியது பருப்பு டின்தான். கவிழ்த்துக் கம்பியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

என் கையில் வழுக்கியது.

கிரீஸ். புதுக் கிரீஸ். நான் வைத்தபோது அந்தக் கம்பி காய்ந்துபோய்த்தான் இருந்தது. சுற்றியிருந்த துணியும் என் ஜாக்கெட் துணி இல்லை, இவருடைய பழைய பனியன். எப்போதோ கண்டுபிடித்து, துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவி, வேறு துணியில் சுற்றி, அதே டின்னில், அதே பருப்புக்கு அடியில் வைத்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்றது. வாயைத் துடைத்துவிட்டேன். தூங்கி எழுந்தவர்போல விழித்து, கையில் இருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையெல்லாம் பருப்பு சிதறிக் கிடந்தது.

பிறகு கம்பியை வேட்டி நுனியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "எடுத்த எடத்துலயே வச்சிரு" என்றார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன்.

ஜூன் 22, சனி

சுபாவிடம் நேற்று வந்ததைச் சொல்லவில்லை. பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும்.

ஜூன் 27, வியாழன்

வீட்டுக்கு ஒட்டடை அடித்தேன். வாழை இலைக்குச் சொல்லியாயிற்று. ஆறு பேர் வருகிறார்கள்.

சாப்பிடும்போது இவர் மறுபடியும் ஆரம்பித்தார். "வந்த பெறகு தெரிஞ்சா நம்ம பிள்ளயத்தான் பேசுவாக. இப்பமே சொல்லிட்டா நல்லது. அந்தப் பெரியவரு புரிஞ்சிக்கிடுவாரு."

"அவரு புரிஞ்சிக்கிடுவாரு. அந்தம்மா புரிஞ்சிக்கிடுமா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? நாம ஆயிரமா சொல்லுதோம்? ஒண்ணுதான்."

"ஒண்ணுதான். ஆனா முழுப் பூசணிக்காயா இருக்கே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுபா சிரிப்பது உங்கள் காதில் விழுகிறதா இல்லையா என்று கேட்டேன். விழுகிறது என்றார். மாத்திரையை எடுத்துக்கொடுத்தேன், விழுங்கினார்.

ஜூன் 30, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குமேல் வந்தார்கள். தங்கமாரியப்பன், அவர் வீட்டம்மா, ராஜவேல், இரண்டு பெரியப்பாமார், ஒரு சித்தி. ராஜவேல் நீலச் சட்டை போட்டிருந்தான். சுபாவும் நீலச் சேலை. பேசி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கழுதைகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிமிஷம் வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது.

தங்கமாரியப்பன் உள்ளே வரவே இல்லை. வாசலில் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, சக்கரத்தக் கழட்டிப் போட்டிருக்கீக?"

"டயரு மாத்தினேன். ஆக்சிலு எங்கயோ உருண்டு போச்சு" என்றார் இவர்.

"ஆக்சிலா? அது என்ன கோலிக்குண்டா, உருண்டு போக?" என்று சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பிட வாருங்கள், இலை போட்டாயிற்று என்றேன். அடுப்படிக்கு வந்தேன். அவர் வீட்டம்மாவும் என் பின்னாலேயே வந்தார். உரிமையாக வந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "உங்க சாம்பார் மணம் தெரு வரைக்கும் வருதே மைனி, என்ன பருப்பு போடுதீக?" என்று கேட்டுக்கொண்டே டின்னைத் திறந்து கையை விட்டார். நான் அப்பளத்தைப் பொரித்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் கம்பி அவர் கையில் இருந்தது.

"இதென்ன மைனி, பருப்புக்குள்ள இரும்பு கெடக்கு?"

வண்டு வராமல் இருக்கப் போட்டது என்றேன். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் உண்டா என்று எனக்கே தெரியாது. அந்தம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். தங்கமாரியப்பன் வாங்கிப் பார்த்து, "அட, இதான ஆக்சிலு! மைனி பருப்போட சேத்து வேக வைக்கப் பாத்திருக்காக!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சுபா மட்டும் சிரிக்கவில்லை.

"விடுங்க அண்ணாச்சி, வெள்ள வேட்டி அழுக்காயிரும்" என்று தடுத்துப் பார்த்தேன்.

"பஸ்ஸு டயரு மாத்துன கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இலையில சோறு ஆறதுக்குள்ள முடிச்சிருதேன்."

சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தப் பார்த்தார். டிஸ்க் தட்டு உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தார். "அட்டை கீழ விழுந்து கெடக்கு. பிரேக் கட்ட ரெண்டும் ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு! யாரோ பிரேக்க அமுக்கியிருக்காக."

"நான்தான். சும்மா ஏறி ஒக்காந்து பாத்தேன்" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

எப்போது உட்கார்ந்தார்? நான் பார்க்கவில்லை. மத்தியானம் நான் மிஷினில் இருக்கும்போதாக இருக்கும். சக்கரம் இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, எந்த ரோட்டை நினைத்துப் பிரேக்கை அமுக்கினாரோ.

ஸ்க்ரூ டிரைவரால் கட்டைகளை நெம்பி விலக்கி, சக்கரத்தை ஏற்றி, கம்பியைச் செருகி, நட்டை இறுக்கி, ஸ்பீடாமீட்டர் ஒயரையும் மாட்டிவிட்டார் தங்கமாரியப்பன். கருங்கல்லை அவிழ்த்தார். ஸ்டாண்டை எடுத்து வண்டியை முன்னும் பின்னும் உருட்டினார். பிரேக்கை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். நல்ல வேலைக்காரர், குறை சொல்ல முடியாது.

"ஆச்சு. ஒரு ரவுண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும். எடுங்க அண்ணாச்சி. நானும் பின்னால ஏறிக்கிடுதேன். பஜாருல வெத்தல வாங்கிட்டு வந்து இலையில ஒக்காருவோம்."

"பெட்ரோல் இல்லையே" என்றேன் நான்.

மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினார். "அரை டேங்கு கெடக்கு மைனி!"

இவர் அசையாமல் நின்றார். ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் எஸ்தர் டீச்சரும் நின்றாள். பஜார் எவ்வளவு தூரம்? போய்விட்டு வந்துவிடலாம். காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, உடனே வராது. இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது. ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

வாங்கி மாட்டிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆனது. தங்கமாரியப்பன் பின்னால் ஏறி அவர் தோளில் கையை வைத்தார். இவர் கிளட்சைப் பிடித்துக் கியரைப் போட்டார். வண்டி அரை அடி நகர்ந்தது. பிரேக் போட்டு நிறுத்தினார்.

சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது.

"எறங்குங்க அண்ணாச்சி."

"ஏன், என்னாச்சு?"

ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கு வலிப்பு வருது. வைகாசில இருந்து. டாக்டரு வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டாரு. டயருக்காக நான் சக்கரத்தக் கழட்டல. சக்கரம் இருந்தா ஓட்டிருவேன்னு பயந்துதான் கழட்டினேன். உங்களப் பின்னால வச்சிக்கிட்டு என்னால ஓட்ட முடியாது."

தங்கமாரியப்பன் இறங்கினார். பெரியப்பாமார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்தம்மா இவரைப் பார்க்கவே இல்லை, சுபாவைத்தான் தலை முதல் கால் வரை பார்த்தார். பிள்ளையைப் போய் அப்படிப் பார்த்தால்? பரம்பரை இல்லை, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். பேசப் பேச எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

தங்கமாரியப்பன் மட்டும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பஸ்ஸு ஓட்டுனவன் அண்ணாச்சி. நீங்க சொன்னது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்குத் தெரியும்" என்றார். குரல் தணிந்திருந்தது. ஆனால் உள்ளே வரவில்லை. அந்தம்மா ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார். ராஜவேல் சுபா பக்கம் ஒரு தடவை திரும்பினான். பிறகு காரில் ஏறிக்கொண்டான்.

ஆறு இலையும் போட்டது போட்டபடி இருந்தது. யாரும் கை நனைக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

இவரோடு நான் பேசவில்லை. இரண்டு நிமிஷம், இரண்டே நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பஜார் போய் வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பெரிய அரிச்சந்திரன். பெற்ற மகளின் வாழ்வை நடு வாசலில் போட்டு உடைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கயத்தாறு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மீந்த சாம்பாரை எஸ்தர் டீச்சருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

தரகர் வந்தார். ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

சுபா போன் போட்டுப் பார்த்தாள். ராஜவேல் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்புறம் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏறப் போகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் தங்கமே, உனக்கு நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஜூலை 6, சனி

முன்சக்கரத்தை மறுபடி கழற்றிவிடட்டுமா என்று இவர் கேட்டார். இனிமேல் யாருக்காகக் கழற்றுவது என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சுபா வந்து வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் சரி என்றார்.

வண்டி இப்போது இரண்டு சக்கரத்தோடு, புது டயரோடு, பார்க்க நன்றாக நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் வண்டியைப் பார்க்கிறார்கள், பிறகு எங்கள் கதவைப் பார்க்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். நாலைந்து நாளைக்குப் பிறகு சுபா ஒழுங்காகச் சாப்பிட்டாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. பாதிச் சாப்பாட்டில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா அன்னைக்கு எறங்கலன்னா நீ என்ன செஞ்சிருப்ப? போகட்டும்னு விட்டிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அகப்பை என் கையில் இருந்தது.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒங்கம்மாவா விடுவா? ஹெல்மெட்டக் குடுக்கும்போதே எனக்குக் கண்ணக் காட்டிட்டா, எறங்கிருங்கன்னு. அதுக்கப்புறந்தான் எனக்குச் சொல்லத் தைரியமே வந்துச்சு."

"அப்படியாம்மா?"

"ஆமா" என்றேன்.

சுபாவின் முகம் இளகியது. இடது கையால் என் முழங்காலை ஒரு தடவை அழுத்திவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

ஹெல்மெட்டைக் கொடுத்தபோது நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. அந்தம்மா முகத்தில் சந்தேகம் ஏதும் தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

ரசம் கேட்டார். ஊற்றினேன்.